ஓடு மட்டும் போதாது: இலங்கை நத்தைகளைச் சேகரிப்போர் செய்யும் தவறுகள்

தோட்டத்தில் பெரிய நத்தை ஒன்றைக் கண்டதும் உப்புச் சிரட்டையோடு ஓடுவதுதான் முதல் தவறு. ஆப்பிரிக்கப் பெருநத்தையை ஒழிக்கத்தான் வேண்டும். ஆனால் ஈரவலயத் தோட்டங்களில் அதனோடு சேர்ந்து சாகும் அக்காவஸ் நத்தை இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதது. கையுறை போட்டு எடுத்து ஓட்டைப் பாருங்கள் (வெறுங்கை வேண்டாம், மனிதரையும் தொற்றக்கூடிய எலி நுரையீரல் புழு என்ற ஒட்டுண்ணி இவற்றில் இருக்கலாம்). ஆப்பிரிக்க நத்தையின் ஓடு கூம்பாக நீண்டு, ஏழெட்டுச் சுற்றுகளுடன், நெடுக்காகப் பழுப்புக் கீற்றுகள் ஓடியிருக்கும், வாயோரம் மெல்லியது. அக்காவஸ் சப்பையாக உருண்டது, சுற்றுகளும் குறைவு. முதிர்ந்ததில் வாயோரம் தடித்து வெளிப்புறம் மடிந்திருக்கும். குஞ்சில் அந்த மடிப்பு இராது, வடிவத்தைத்தான் நம்ப வேண்டும்.

நன்னீர் நத்தைகளில் பலரும் தூக்கி எறிவது ஓட்டின் வாயை அடைக்கும் மூடியை. பிலா என்ற உள்ளூர் நத்தையின் மூடி சுண்ணாம்பு ஏறி ஓடுபோல் கெட்டியாக இருக்கும். மீன்தொட்டி வழியே வந்து பரவிய பொமேசியாவின் மூடியோ நகம்போல் வளையும். ஓடுகள் மட்டும் கையில் இருந்தால் அனுபவசாலியும் தடுமாறுவார். மூடியைச் சிறு பஞ்சில் ஒட்டி, அதே ஓட்டின் வாய்க்குள் வையுங்கள்.

உயிரோடு மதுசாரத்தில் (எத்தனோலில்) போடுவது இன்னொரு தவறு. நத்தை உள்ளே சுருண்டு இறுகிவிடும். இனத்தைப் பிரித்தறிய வேண்டிய இனப்பெருக்க உறுப்புகளை அதன் பிறகு ஒழுங்காக அறுத்துப் பார்க்க முடியாது. தரைநத்தையானால், கொதித்து ஆறிய நீரைப் போத்தலில் விளிம்புவரை நிரப்பி, காற்றுக்குமிழி இல்லாமல் மூடி, இரவு முழுக்க விடுங்கள். நீர்நத்தை அப்படி மூழ்கிச் சாகாது. நீரின் மேல் சில மெந்தோல் படிகங்களைத் தூவுங்கள். உணர்கொம்பை ஊசியால் தொட்டும் அசையாவிட்டால் 70–80% எத்தனோலுக்கு மாற்றலாம். மறுநாள் எத்தனோலையும் மாற்றுங்கள், உடலிலுள்ள நீர் அதை நீர்த்துப்போகச் செய்திருக்கும். மரபணுச் சோதனைக்கு 95% வேண்டும். ஃபோமலின் வேண்டவே வேண்டாம்: நாளடைவில் அமிலமாகி ஓட்டைக் கரைக்கும்.

பெரியவற்றை மட்டும் பொறுக்குவோரும் உண்டு. 5 மில்லிமீற்றருக்குக் குறைந்த இனங்கள் ஏராளம். உதிர்ந்த இலைகளை உலர்த்தி, சல்லடையில் அரித்தால்தான் கிடைக்கும்.

காப்புக் காடுகளில் எதை எடுக்கவும் முன் அனுமதி தேவை. சீட்டைப் பென்சிலால் எழுதி போத்தலுக்குள்ளேயே போடுங்கள்; பேனா மை எத்தனோலில் கலைந்துவிடும். ‘கண்டி’ என்று மட்டும் எழுதினால் பயனில்லை. இடம், உயரம், திகதி, மரப்பட்டையிலா இலைக்குப்பையிலா, உயிரோடா வெற்று ஓடா என்பதெல்லாம் அதில் வர வேண்டும்.