தோட்டம் தாமானாகும்போது தண்ணீருக்கு இடம் கேட்பது எப்படி?

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலக் கடலோரம் நெடுக, காப்பாரிலும் பந்திங்கிலும் கேரித்தீவிலும், தோட்ட நிலத்தின் பெரும்பகுதி கடல் பெருகி நிற்கும் நேரத்தில் கடல்மட்டத்தைவிடத் தாழ்வாகவே கிடக்கிறது. மண்கரை எழுப்பி, நம் பாட்டன்மாரின் கைகளும் சேர்ந்து கால்வாய் வெட்டி, கரையின் அடியில் மதகு வைத்த பிறகுதான் அந்தக் களிமண்ணில் ரப்பரும் செம்பனையும் வேர் பிடித்தன. இன்று அதே தோட்டங்கள் துண்டு துண்டாகத் தாமான்கள் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறி வருகின்றன. எங்கே வீடு கட்டலாம், எந்த இடத்தைத் தண்ணீருக்கு விட வேண்டும் என்பது வரைபடத்தில் முடிவாகும் வேளையில் பேசாமல் இருந்துவிட்டு, வெள்ளம் வடிந்த பிறகு மனு எழுதுவதால் கிடைப்பது மிகக் குறைவு. குடியிருப்பாளர் சங்கமோ கோயில் நிர்வாகமோ அந்த வேளைக்குத் தயாராக வேண்டிய முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் மதகைப் போய்ப் பாருங்கள். கடல் வற்றும் நேரத்தில் போனால், கரையின் வெளிப்பக்கம் கீலில் தொங்கும் கனத்த கதவை உள்ளே தேங்கிய நீர் தள்ள, அது ஒரு சாண் அகலத்துக்குத் திறந்து, கடுந்தேநீர் நிறத்தில் தண்ணீர் சேற்றின்மேல் இறங்கி ஓடுவதைக் காணலாம். கடல் ஏறத் தொடங்கியதும் வெளிநீரின் அழுத்தமே அந்தக் கதவைச் சாத்திவிடும். ஒரே ஒரு தேங்காய் மட்டை கதவிடுக்கில் சிக்கினாலும் உப்புநீர் உள்ளே ஏறும். கதவு சரியாகச் சாத்தியிருந்தால், கடல் மறுபடி வற்றும்வரை ஊருக்குள் பெய்யும் மழை முழுவதும் கால்வாயிலும் பள்ளத்திலும் காத்திருக்க வேண்டும். கடலோரத் தோட்டப் பட்டணத்தில் வெள்ளத் திட்டம் என்பது, அந்தச் சில மணி நேரத்துக்கு மழைநீரை எங்கே நிறுத்தி வைப்பது என்ற கேள்விதான் என்று நான் கருதுகிறேன். மற்றவை எல்லாம் இதற்குப் பின்னால் வருபவை.

அடுத்தது கால்வாய் வரைபடம். செயற்கைக்கோள் படத்தைப் பெரிய தாளில் அச்சிட்டு, தோட்டத்தில் வேலை செய்த பெரியவர்கள் இரண்டு மூன்று பேரை உட்கார வைத்து, மரவரிசைகளுக்கு இடையே ஓடிய சிறு கால்வாய்கள் எந்தப் பெரிய கால்வாயில் சேர்ந்தன, அது எந்த மதகில் முடிந்தது என்று கேட்டு நீலக்கோடு போடுங்கள். பிறகு அந்தக் கோடுகளின் மேலேயே நடந்து, எது திறந்திருக்கிறது, எது மண் மூடிப் போனது, சாலைக்கு அடியில் போகும் குழாயின் அகலம் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் தாமானில் இதைச் செய்யாமல் விட்டதன் விலையை நாங்கள் கொடுத்தோம். வீடு வாங்கியபோது மேம்பாட்டாளர் காட்டிய வரைபடத்தில் பின்வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஓடிய பழைய கால்வாய் இல்லை. மண் கொட்டி மூடி, இடுப்பளவுகூட இல்லாத குழாய் ஒன்றைப் புதைத்திருந்தார்கள். குடிவந்த ஆண்டு தீபாவளிக்கு முந்தைய வாரம் பெய்த மழையில் தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை; பின்பக்கச் சமையலறைக் கழிவுக்குழியிலிருந்து மேலே பொங்கி வந்தது.

வெள்ளம் வந்த உயரத்தை வாய்ச்சொல்லாக விட்டுவிடக் கூடாது. கோயில் மண்டபத் தூணிலும் கடைச்சுவரிலும் உள்ள சேற்றுக்கோட்டைப் படம் எடுத்து, கொத்தனார்கள் பயன்படுத்தும் தண்ணீர் நிரப்பிய தெளிவான ரப்பர் குழாயைக் கொண்டு அந்த உயரத்தை வீட்டுக்கு வீடு கடத்தி அளந்தால், எந்த வீட்டுத் தரை எத்தனை சென்டிமீட்டர் தாழ்வு என்ற பட்டியல் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கையில் இருக்கும். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் தேதியோடு மணியையும், அன்றைய கடல் பெருக்கு நேரத்தையும் எழுதுங்கள். நம் வீட்டு நாட்காட்டியே இதற்கு உதவும்: அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஓரிரு நாள் பின்னால் பெரும்பெருக்கு வருவதால், அந்த நாட்களில் மட்டும் தேங்குவது மதகின் பிரச்சினை, எந்த மழைக்கும் தேங்குவது கால்வாயின் பிரச்சினை என்று ஓரளவு பிரித்துவிடலாம். ஆற்றுமட்டத்துக்கு வடிகால் நீர்ப்பாசனத் துறையின் பப்ளிக் இன்போ பஞ்சிர் இணையதளம் இருக்கிறது.

எண்களில் ஒரு கண்ணி உண்டு. கடல் பெருக்கு அட்டவணையின் பூச்சியமும் நில அளவை வரைபடத்தின் பூச்சியமும் ஒன்றல்ல. முன்னது மிகத் தாழ்ந்த கடல்மட்டத்தை ஒட்டியது, பின்னது சராசரிக் கடல்மட்டத்தை ஒட்டியது. கிள்ளான் துறைமுகத்தில் பெருக்கு 5 மீட்டர் என்ற செய்தியைப் படித்துவிட்டு, வரைபடத்தில் 2 மீட்டர் என்றிருக்கும் தம் நிலம் 3 மீட்டர் ஆழத்தில் மூழ்கும் என்று மனுவில் எழுதினால் அதிகாரி முதல் பக்கத்திலேயே தாளை மூடிவிடுவார். இரண்டையும் ஒரே அளவுக்கு மாற்றித் தரும்படி ஒரு நில அளவையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி சட்டத்தின் வழி. 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம், அதாவது சட்டம் 172, மாநிலத்துக்கு அமைப்புத் திட்டத்தையும் ஊராட்சிப் பகுதிக்கு ரன்சாங்கான் தெம்பத்தான் எனப்படும் உள்ளூர்த் திட்டத்தையும் வகுக்கச் சொல்கிறது. எந்த மனை குடியிருப்பு, எது தொழிற்சாலை, எது திடல் என்று வண்ணம் பூசுவது இந்த உள்ளூர்த் திட்டம்தான். அதன் வரைவு பொதுப் பார்வைக்கு வைக்கப்படும்போது, 4 வாரங்களுக்குக் குறையாத காலத்துக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். நேரில் விளக்க விரும்புவதையும் அதிலேயே எழுதிவிட்டால் மூவர் கொண்ட விசாரணைக் குழு முன் பேச வாய்ப்புக் கிடைக்கும். உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியில், பக்கத்து நிலத்தில் திட்ட அனுமதி கேட்கப்படும்போது அண்டை நில உரிமையாளர்களுக்கு அறிவிக்க வேண்டும். ஆட்சேபத்துக்கு 21 நாள்தான். வரைபடமும் அளவுப் பட்டியலும் முன்கூட்டியே தயாராக இருந்தால்தான் இந்த நாட்கள் போதும்.

மனுவில் என்ன கேட்பது என்பதில் தெளிவு வேண்டும். மிகத் தாழ்ந்த நிலத்தைத் திடலாகவும் நீர்ப்பிடிப்புக் குளமாகவும் குறிக்கக் கேளுங்கள். பந்து விளையாடும் திடல் ஆறு மணி நேரம் நீரில் நின்றால் யாருக்கும் சேதமில்லை. ஆற்றோர ஒதுக்கு நிலத்தை எண்ணோடு கேளுங்கள்: வடிகால் துறையின் வழிகாட்டியில் 40 மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஆற்றுக்கு இரு கரையிலும் 50 மீட்டர், 10 முதல் 20 மீட்டர் அகலமுள்ளதற்கு 20 மீட்டர், 5 மீட்டருக்குக் குறைந்ததற்கும் 5 மீட்டர் என்று உள்ளது. சேற்றுக் கடற்கரையில், அலையாத்திக் காட்டின் கடலோர விளிம்பிலிருந்து 400 மீட்டர் பின்வாங்கல், அதாவது கட்டடம் எழுப்பாமல் விட வேண்டிய தூரம், என்பதும் அதே துறையின் அளவு. அந்தக் காடு கரையை மோதும் அலையின் வேகத்தைக் குறைப்பதால், அதை வெட்டிவிட்டு மண்கரையை மட்டும் உயர்த்துவது எனக்குச் சரியாகத் தோன்றவில்லை.

மண் நிரப்புவதைத் தனியாகக் கேளுங்கள். புதிய தாமான் ஒரு மீட்டர் உயர்ந்தால், அதுவரை அங்கே தங்கிய நீர் பக்கத்துப் பழைய தாமானுக்கும் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கும்தான் வரும். மஸ்மா எனப்படும் வடிகால் கையேடு, 2000ஆம் ஆண்டில் வெளிவந்து 2012இல் திருத்தப்பட்டது, கட்டுமானத்துக்குப் பிறகு வெளியேறும் உச்ச நீரோட்டம் முன்பிருந்ததை மீறக் கூடாது என்கிறது. ஆகவே நிரப்பும் உயரம், குளத்தின் கொள்ளளவு, மதகு சாத்தியிருக்கும்போதும் அந்தக் குளம் போதுமா என்ற கணக்கு ஆகிய மூன்றையும் காட்டும்படி கேட்கலாம். நூறு ஆண்டு வெள்ளத்துக்கு ஏற்ப வடிவமைத்தோம் என்று பதில் வந்தால், அது ஆண்டுதோறும் நூற்றில் ஒரு வாய்ப்பு என்று பொருள்படும். 30 ஆண்டு வீட்டுக்கடன் முடிவதற்குள் அப்படி ஒரு வெள்ளம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் ஒன்று. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கிய அந்த ஆண்டிறுதி வெள்ளத்தால் நாட்டுக்கு நேர்ந்த இழப்பு 610 கோடி ரிங்கிட்.

தமிழ்ப்பள்ளிக்கும் கோயிலுக்கும் மனை ஒதுக்கப்படும்போது, ஏக்கர் கணக்கை மட்டும் கேட்டு மகிழ்ந்துவிடுகிறோம். அந்த மனையின் தரைமட்டத்தை யாரும் கேட்பதில்லை. வீடு கட்டி விற்க ஆகாத மூலைப்பள்ளம் நம் பிள்ளைகளின் பள்ளிக்கு வந்துவிடக் கூடாது, அதிலும் வெள்ளக் காலத்தில் துயர்துடைப்பு மையமாகத் திறக்கப்படுவது பெரும்பாலும் பள்ளி மண்டபமே என்பதால், அது தாமானிலேயே உயர்ந்த இடத்தில், நீரில் மூழ்காத சாலையோடு இருக்க வேண்டும் என்று மனுவில் எழுதுங்கள்.

மனுவை நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்ட முத்திரையோடு ஒரு படியை வாங்கிக்கொள்ளுங்கள். அனுமதி கிடைத்த பிறகு, வரைபடத்தில் உள்ள குளம் தரையிலும் வெட்டப்பட்டிருக்கிறதா, அதன் வெளிவாய்க் குழாய் சொன்ன அளவில் இருக்கிறதா என்பதை வீடுகளுக்குச் சாவி கொடுப்பதற்கு முன், பெருக்கு நாளில் நல்ல மழை பெய்யும்போது குடையோடு போய்ப் பார்த்து, குறை இருந்தால் அன்றே படத்தோடு ஊராட்சி மன்றத்துக்கும் வடிகால் துறைக்கும் எழுதுங்கள்.