பியர் காய்ச்ச ஆர்.ஓ. தண்ணீர் பிடித்து வைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். பியருக்குத்தான் அதில் ஒரு சிக்கல். கிருமிநாசினியாகக் கலந்திருக்கும் குளோராமின், மால்ட்டிலும் (முளைகட்டிய தானியம்) ஹாப்ஸிலும் (கசப்பு தரும் பூ) உள்ள ஃபீனால்களோடு சேர்ந்து குளோரோஃபீனாலாக மாறிவிடும். துளி இருந்தாலே போதும், பியரில் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரின் வாடை அடிக்கும். அதற்காகத்தான் ஆர்.ஓ., அதாவது தண்ணீரைக் கார்பன் வடிகட்டியிலும் நுண்ணிய சவ்விலும் செலுத்திச் சுத்தமாக்கும் கருவி. ஆனால் குளோராமின் போனதும் தண்ணீருக்கு இருந்த காவலும் போய்விடுகிறது. சேமிப்பில் நடக்கும் தவறுகள் பலவும் இதை மறப்பதால் வருபவை.

வாளியில் பிடித்து ராத்திரி முழுக்கத் திறந்து வைத்தால் எல்லாம் பறந்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். குளோரினுக்கு அது ஓரளவு பொருந்தும். குளோராமின் அவ்வளவு லேசில் போகாது. மூடாத வாளி நாலு நாள் கிடந்தால் ஏடிஸ் கொசுதான் வளரும். ஆர்.ஓ. இல்லாதவர்கள் 20 லிட்டருக்குக் கால் கேம்ப்டன் மாத்திரையை (குளோராமினை முறிக்கும் சல்ஃபைட் மாத்திரை) பொடித்துக் கலக்கினால் சில நிமிடங்களில் வேலை முடிந்தது.

அடுத்தது நேரக் கணக்கு. ஒரு நாளில் 50 கேலன் (சுமார் 190 லிட்டர்) கொடுக்கும் சவ்வு, நல்ல அழுத்தத்திலும் மணிக்கு 8 லிட்டர்தான் தரும். 20 லிட்டர் பியருக்கு 5 கிலோ மால்ட் ஊறவைத்தால் அதுவே சுமார் 5 லிட்டரைக் குடித்துவிடும். கொதியில் 3, 4 லிட்டர் ஆவியாகும். அடியில் தங்கும் கசடையும் சேர்த்தால் 28 முதல் 30 லிட்டர் தேவை. குறைந்தது நாலு மணி நேரம். காலையில் எழுந்து பிடிக்கலாம் என்றால் அடுப்பு மத்தியானம்தான் பற்றும். அதற்காக ஒரு மாதத்துக்கு முன்பே பிடித்து அடுக்குவதும் வேண்டாம். நம் ஊர் 30 பாகை வெப்பத்தில் கேனின் உள்சுவர் வழவழவென்று ஆகிவிடும். முந்தின நாள் சாயங்காலம் பிடிப்பதே சரி; மிஞ்சினால் இரண்டு மூன்று நாள். ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர்தான் காய்ச்ச அனுமதி என்பதால் பெரிய இருப்பும் தேவையில்லை.

கருவி சும்மா இருந்திருந்தால் முதல் 2 லிட்டரைக் கொட்டிவிடுங்கள். நின்ற நேரத்தில் உப்புகள் சவ்வைத் தாண்டிக் கசிந்திருக்கும். தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 10 காட்டுகிறது என்று நிம்மதி அடைவதும் தவறு. அது கரைந்த உப்பைத்தான் காட்டும், குளோராமினைக் காட்டாது. குளோராமினைப் பிடிக்கும் கார்பன் வடிகட்டி தேய்ந்துபோனால் மீட்டர் எண் அப்படியே இருக்க, குளோராமின் உள்ளே வந்துகொண்டிருக்கும். குளோராமினையும் சேர்த்து மொத்தக் குளோரினை அளக்கும் சோதனைத் தாளால் அவ்வப்போது பாருங்கள்.

கேன் விஷயத்தில் கஞ்சம் வேண்டாம். உணவுத் தர எச்டிபிஈ (ஒரு வகைக் கெட்டிப் பிளாஸ்டிக்) கேன், 10 லிட்டர் அளவு. 25 லிட்டர் கேனை நிரப்பிவிட்டு அடுப்பு உயரத்துக்குத் தூக்கிப் பார்த்தால் இடுப்பு சொல்லும். சோப்புத் திரவம் இருந்த கேனை எத்தனை முறை கழுவினாலும் வாசனை விடாது. பிளீச்சில் கழுவிச் சரியாக அலசாவிட்டால் எடுத்த குளோரினைத் திரும்பப் போட்ட கதைதான். பிளீச்சையும் அமிலச் சுத்திகரிப்பானையும் ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும். எச்டிபிஈ வாடையை உள்ளே விடும் என்பதால் வீவக வீட்டுப் பாம் ஷெல்டரில் பெயின்ட் டின்னுக்கும் அந்துருண்டைக்கும் பக்கத்தில் கேனை வைக்க வேண்டாம். தோட்டத்துக் குழாயால் நிரப்பினால் ரப்பர் ருசி வரும். சிலிக்கோன் குழாய் வாங்கிக்கொள்ளுங்கள்.

உப்புச் சமாச்சாரம் சுருக்கமாக: ஆர்.ஓ. தண்ணீரில் கால்சியம் கிட்டத்தட்ட இல்லை. தானியத்திலிருந்து காய்ச்சுபவர்கள் 20 லிட்டருக்கு 4 கிராம் ஜிப்சம் போட்டால் லிட்டருக்குச் சுமார் 46 மில்லிகிராம் கால்சியம் கிடைக்கும். மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (மால்ட்டிலிருந்து எடுத்த கெட்டிச் சாறு) பயன்படுத்துபவர்களுக்கு இது தேவையில்லை, அதிலேயே தாதுக்கள் உண்டு.

எல்லாவற்றிலும் மோசமான தவறு, கொதிக்கப்போகும் தண்ணீரையும் கடைசியில் சேர்க்கும் தண்ணீரையும் ஒன்றாக நடத்துவது. பானையில் ஒரு மணி நேரம் கொதிப்பதில் சில கிருமிகள் இருந்தாலும் செத்துவிடும். ஆறிய வோர்ட்டில் (புளிக்கவைக்கும் முன் உள்ள மால்ட் சாறு) ஊற்றும் தண்ணீருக்கு அந்த வாய்ப்பு கிடையாது. அதை முந்தின நாளே 10 நிமிடம் கொதிக்கவைத்து, ஆறியபின் சுத்திகரித்த கேனில் மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள். சூடாக ஊற்றினால் பெட் பாட்டில் நெளிந்துவிடும். குழாய்த் தண்ணீரால் வோர்ட் 32 பாகைக்குக் கீழே இறங்க மறுக்கும் இந்த ஊரில், எக்ஸ்ட்ராக்ட் முறையில் 10 லிட்டர் வோர்ட்டோடு 4 பாகைத் தண்ணீர் 10 லிட்டர் சேர்த்தால் ஏறக்குறைய 18 பாகைக்கு வந்துவிடும். ஈஸ்ட்டை உடனே போடலாம்.