சிசுவின் வயிற்றை ஸ்கேன் செய்யும்போது நேரும் தவறுகள்

சிசுவின் உறுப்புகளில் குறைபாடு உண்டா என்று பார்க்கும் அனாமலி ஸ்கேனில் வயிற்றுச் சுற்றளவு அளக்கும் குறுக்குவெட்டில் இரைப்பையும் தொப்புள் சிரையும் தெரிந்ததும் பலர் தொடை எலும்புக்குப் போய்விடுகிறார்கள். வயிற்றுச் சுவர்க் குறைபாடுகள் பெரும்பாலும் அதற்குக் கீழே, தொப்புள்கொடி வயிற்றில் சேரும் இடத்தில்தான் இருக்கும். அந்த வெட்டைத் தனியாக எடுத்துச் சேமிக்க வேண்டும்.

குடல் வெளியே தெரிந்தால் இரண்டு விஷயம் பாருங்கள்: மேலே சவ்வு உண்டா, கொடி எங்கே சேர்கிறது? சவ்வுப் பையின் மேல் கொடி சேர்ந்தால் ஓம்ஃபலோசீல். கொடி தன் இடத்தில் ஒழுங்காக இருக்க, அதற்குப் பெரும்பாலும் வலப்பக்கமாக ஒரு துளை வழியே குடல் சுருள்கள் சவ்வில்லாமல் பனிக்குட நீரில் மிதந்தால் காஸ்ட்ரோஸ்கைசிஸ். மாற்றி எழுதினால் அடுத்து வரும் ஆலோசனை முழுக்கத் தடம் மாறிவிடும். முதலாவதில் ட்ரைசோமி 18, 13 (அந்த எண்ணுள்ள குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பது), இதயக் கோளாறு, பெக்வித்–வீடமான் நோய்க்குறி (மிகை வளர்ச்சி தரும் மரபணுக் கோளாறு) எல்லாவற்றையும் தேடவேண்டும்; பனிக்குட நீர்ப் பரிசோதனை பற்றிப் பேசவேண்டும். இரண்டாவதில் குரோமோசோம் கோளாறு அரிது. அங்கே பார்க்க வேண்டியது குடலின் வீக்கமும் சிசுவின் வளர்ச்சியும்.

12 வாரம் முடியும் முன் கொடியின் அடியில் சிறு குடல் புடைப்பு இருப்பது இயல்பு. அதைப் பார்த்துப் பெற்றோரைக் கலங்கடிக்காமல் 12 வாரம் தாண்டியபின் மறுபடி பாருங்கள். கல்லீரல் வெளியே இருந்தால் மட்டும் அது எந்த வாரத்திலும் இயல்பல்ல. ப்ரோபை (வயிற்றின் மேல் வைக்கும் ஸ்கேன் கருவியை) அழுத்திப் பிடித்துச் சாய்வாக வெட்டினாலும் வயிறு பிதுங்கி ஓம்ஃபலோசீல் போலத் தோன்றும். அழுத்தத்தைத் தளர்த்தினால் காணாமல் போகும்.

இரைப்பை தெரியவில்லை என்றால் தாயை நடந்துவிட்டு வரச் சொல்லி 30 முதல் 45 நிமிடம் கழித்துப் பாருங்கள். பிறகும் இல்லையென்றால் முதலில் நெஞ்சுக்குள் தேடுங்கள், உதரவிதானக் குடலிறக்கமாக இருக்கலாம். சிறுநீர்ப்பைக்கும் இதே காத்திருப்புதான். பனிக்குட நீர் சரியாக இருந்தும் பை நிரம்பவே இல்லை, கொடியும் தாழ்வாகச் சேர்கிறது என்றால் சிறுநீர்ப்பை வெளித்திறந்த நிலையை நினைக்க வேண்டும்.

இரட்டைக் குமிழி, அதாவது வயிற்றில் நீர் நிறைந்த இரண்டு வட்டங்கள் தெரிந்தால் இரண்டும் ஒன்றோடொன்று இணைவதைக் காட்டியாக வேண்டும். வளைந்த இரைப்பையைச் சாய்வாக வெட்டினாலும் இரண்டாகத் தெரியும். இரட்டைக் குமிழியை உண்டாக்கும் டியோடினல் அட்ரீசியா (முன்சிறுகுடல் அடைப்பு) பல சமயம் 24 வாரத்துக்குப் பிறகே வெளிப்படும். 20 வாரத்து ஸ்கேன் நன்றாக இருந்தது என்பதற்காக அதை ஒதுக்கிவிட முடியாது.

குடல் வெளுத்துத் தெரிகிறதா? படத்தைக் கூர்மையாக்கும் ஹார்மோனிக் அமைப்பை அணைத்து, கெயினை (படத்தின் பிரகாசத்தை) குறைத்துக்கொண்டே வந்து பக்கத்திலுள்ள இடுப்பெலும்போடு ஒப்பிடுங்கள். குடல் முதலில் மங்கினால் விட்டுவிடலாம்.

வயிற்றுக்குள் நீர்க்கட்டி தெரிந்தால் அளப்பதற்கு முன் இரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் கலர் டாப்ளர் போட்டுப் பாருங்கள். நிறம் நிரம்பினால் அது கட்டியல்ல, தொப்புள் சிரையின் வீக்கமாக இருக்கலாம். நிறம் இல்லையென்றால் இடத்தைப் பாருங்கள்: கல்லீரலுக்கு அடியில் பித்தக்குழாய்க் கட்டி, சுவர் இரட்டை அடுக்காக இருந்தால் குடல் இரட்டிப்பு. கடைசி மூன்று மாதங்களில் அடிவயிற்றில் வரும் கட்டி பல சமயம் சூலகக் கட்டி. அங்கே இந்தியாவில் இன்னொரு சிக்கல் உண்டு: ரிப்போர்ட்டில் ‘சூலகக் கட்டி’ என்று எழுதினால் சிசுவின் பாலினத்தைச் சொன்னதாகிவிடும், சிசுவின் பாலினத்தை வெளியிடுவதைத் தடுக்கும் 1994 சட்டப்படி (PCPNDT) அது குற்றம். ‘அடிவயிற்று நீர்க்கட்டி’ என்று எழுதி, மில்லிமீட்டர் அளவு, சுவர், உள்ளே தடுப்பு உண்டா, சிறுநீர்ப்பையிலிருந்து தனியாக உள்ளதா என்பதைச் சேர்த்து, வளர்கிறதா என்று சில வாரத்தில் மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.