பெரியவன் சின்னவள அடிக்கிறான்னு டாக்டர்கிட்ட போறீங்களா? நான் பண்ண தப்ப பண்ணாதீங்க

போன வாரம் பெரியவனோட ரிவ்யூக்கு மனநல டாக்டர்கிட்ட போயிருந்தப்ப பக்கத்து பெஞ்சுல ஒரு அம்மா, "உள்ள போய் அண்ணன் அடிச்சத சொல்லிடாத, கோவம் வருதுன்னு மட்டும் நான் சொல்லிக்கிறேன்"னு சின்ன பையன் காதுல ஓதிட்டு இருந்தாங்க. பகீர்னு ஆயிடுச்சு. மூணு வருஷம் முன்னாடி இதையேதான் நானும் சொன்னேன்.

அடிக்காதீங்க, கத்தாதீங்கன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க, அத விட்டுடுறேன்.

பாதிய மறைச்சு சொல்றது

பெரியவனுக்கு அப்ப 14, சின்னவளுக்கு 7. தலகாணிய அவ மூஞ்சில வெச்சு அழுத்துற வரைக்கும் போயிடுச்சு. ஆனா டாக்டர் கேட்டதுக்கு நான் சொன்னது, "படிப்புல கவனமே இல்ல சார், கொஞ்சம் கோவம் ஜாஸ்தி". ஃபைல்ல எழுதிட்டா ஸ்கூலுக்கு தெரிஞ்சுடும்னு மாமியார் வேற கிளப்பி விட்டிருந்தாங்க. (சிகிச்சை விவரத்த ரகசியமா வெச்சுக்கணும்னு 2017 மனநல சட்டத்துலயே இருக்கு, அடுத்தவங்களுக்கு ஆபத்துங்கிற மாதிரி சில விஷயத்துக்குத்தான் விலக்கு.) அவரும் நான் சொன்னத நம்பி கவனத்துக்குத்தான் வைத்தியம் பாத்தாரு, ஏழு மாசம் வீணாப்போச்சு.

இதுல கொடுமை, சின்னவளயும் அதே ரூம்ல அவன் பக்கத்துலயே உக்கார வெச்சேன். "அண்ணன் அடிப்பானா பாப்பா?"ன்னு டாக்டர் கேட்டாரு. அவ அவன் மூஞ்சிய ஒருதடவ பாத்தா, சட்டை கைய மணிக்கட்டு வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டு "இல்ல"ன்னா. எல்லாம் தெரிஞ்ச நானும் வாய மூடிட்டு இருந்தேன். இப்ப நெனச்சாலும் என்மேலயே எரிச்சலா வருது.

போறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல தேதி, என்ன நடந்துச்சு, அதுக்கு முன்னாடி என்ன ஆச்சு, எங்க அடிபட்டுச்சு எல்லாத்தையும் எழுதுங்க, காயத்த போட்டோ எடுங்க, டாக்டர்கிட்ட பத்து நிமிஷம் தனியா பேசணும்னு கேளுங்க, சின்னதையும் தனியா பாக்க சொல்லுங்க. பெரியவன் வயசு பசங்களுக்கு டிப்ரஷன் பலநேரம் அழுகையா வராது, எரிச்சலாத்தான் வரும். எங்க வீட்ல அதோட ஸ்கூல் வேன்ல பெரிய பசங்க அவன நாள்கணக்கா போட்டு அடிச்சதும் சேந்திருந்துச்சு. நானும் அப்படி ஒரு பேப்பர எழுதி குடுத்தப்புறம்தான் இதெல்லாம் வெளிய வந்துச்சு.

ஹாஸ்டல்ல போட்டுடுறது

லீவுக்கு வீட்டுக்குத்தான வருவான்?

கவுன்சிலிங் போர்ட பாத்ததும் நுழையுறது

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னா ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு நம்பர் கேளுங்க, தப்பில்ல. மாத்திரை எழுத சைக்கியாட்ரிஸ்ட், அதாவது மனநல டாக்டர்தான் வேணும். கைல காசு இல்லன்னா மாவட்ட தலைமை ஆஸ்பத்திரி மனநல ஓபிக்கு போங்க, சென்னைன்னா கீழ்ப்பாக்கம் மனநல காப்பகம். ராத்திரி யார்கிட்டயாவது பேசியே ஆகணும்னா அரசோட மனநல ஹெல்ப்லைன் 14416, தமிழ்லயே பேசலாம்.

ரெண்டு பேரையும் விட்டுட்டு கடைக்கு போறது

போகாதீங்க. கைமீறிப் போச்சுன்னா அவசர உதவிக்கு 112, குழந்தைக்காகன்னா சைல்டு ஹெல்ப்லைன் 1098.

அடிவாங்குனத மறந்துடுறது

பெரியவன் ஃபைல் தடியாயிட்டே போச்சு. சின்னவ அமைதியாத்தான இருக்கான்னு விட்டுட்டோம், அவ தலகாணி இல்லாம தூங்குறதக்கூட பழக்கம்னு நெனச்சேன். அவ பேர்ல ஒரு ஓபி சீட்டு போட எனக்கு முழுசா ஒரு வருஷம் ஆச்சு.