வாக்த்ரூவில் தலைசுற்றல் நின்ற கதை

பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில், வீட்டுக்குள் நடந்துபோவதுபோல் காட்டும் வாக்த்ரூ வீடியோ ஒன்றை முதன்முதலாகச் செய்தேன். அதைப் பார்த்த வீட்டுக்காரர், “தம்பி, தலை சுத்துதுப்பா” என்றார். வாசலிலிருந்து கூடம் வழியாக சமையலறை வரை 12 மீட்டர். கேமரா அதை 4 விநாடியில் கடந்திருந்தது. விநாடிக்கு 3 மீட்டர் என்றால் ஓட்டம், நடையே இல்லை! 12 விநாடியாக்கினேன், விநாடிக்கு 24 ஃபிரேம் (தனிப்படம்) வீதம் 288 ஃபிரேம். 2.2 மீட்டரில் மிதந்த கேமராவைக் கண்மட்டத்துக்கு, 1.55-க்கு இறக்கினேன்.

அப்புறமும் கூடத்து மூலையில் வெடுக்கென்று திரும்பியது. கேமரா எந்த ஃபிரேமில் எங்கே இருக்கணும் என்று குறிக்கும் கீஃபிரேம்களை நடுவில் நான் அள்ளித் தெளித்ததுதான் காரணம். எல்லாவற்றையும் அழித்து, பெசியர் வளைவு என்ற வழுவழுப்பான கோடு ஒன்றை வரைந்து, கேமரா அதன் வழியே போகும்படி ஃபாலோ பாத் கொடுத்தேன். தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் கீ.

ஒரே எம்பி4 வீடியோவாக ரெண்டர் பண்ணாமல் (கணினி இறுதிப் படங்களை உருவாக்குவதுதான் ரெண்டர்), ஒவ்வொரு ஃபிரேமும் தனிக் கோப்பாகச் சேமியும் பிஎன்ஜி பட வரிசையாக விட்டது நல்லதாப் போச்சு. 201-ஆவது ஃபிரேமில் கரண்ட் போனது. வந்ததும் அங்கிருந்தே தொடர்ந்தேன்.