மெரினாவை நடந்து பார்ப்பது எப்படி? நேப்பியர் பாலம் முதல் கலங்கரை விளக்கம் வரை

ஊரிலிருந்து வந்திருந்த அத்தை ஒரு நாள் விடியற்காலையில் தூக்கம் வராமல் எழுந்து உட்கார்ந்திருந்தார். "கடலுக்குப் போலாமாடா?" என்றார். அண்ணா சதுக்கத்தில் இறங்கி நடந்தோம். உழைப்பாளர் சிலைக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். பத்து நிமிஷம் நகரவே இல்லை. "இதை யாருடா செஞ்சது?" என்று கேட்டார். எத்தனையோ வருஷமாக பஸ்ஸில் அந்தச் சிலையைத் தாண்டிப் போயிருக்கிறேன். எனக்குப் பதில் தெரியவில்லை. மெரினாவை நடந்து பார்க்க ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

இந்தப் பதிவு முதல்முறை நடக்கப்போகிறவர்களுக்கு. நேப்பியர் பாலத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரை சுமார் 3.5 கிலோமீட்டர். வேகமாக நடந்தால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. நின்று பார்த்து நடந்தால் ஒரு காலைப் பொழுது முழுக்க வேண்டும். சிலை, பழைய கட்டடம், கடற்கரை உயிரினம் மூன்றும் இப்படி ஒரே கோட்டில் கிடைக்கிற இன்னொரு இடம் சென்னையில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

1. வெயிலைப் பார்த்து வரிசையை முடிவு செய்யுங்கள்

இதுதான் முக்கியமான படி. மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

கடல் கிழக்கே இருக்கிறது. பழைய கட்டடங்கள் காமராஜர் சாலைக்கு மேற்கே, கடலைப் பார்த்தபடி நிற்கின்றன. காலை வெயில் நேராக அவற்றின் முகத்தில் விழும். செங்கல்லின் சிவப்பு, ஜன்னல் வளைவுகள், கோபுர வேலைப்பாடு எல்லாம் அப்போதுதான் எடுப்பாகத் தெரியும். மதியத்துக்கு மேல் சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால் போய்விடும். சாயங்காலம் மெரினாவுக்குப் போகிறவர்கள் அந்தக் கட்டடங்களைக் கவனிக்காமலே திரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதனால் விடிவதற்கு முன் மணல், விடியும்போது சிலை, வெயில் ஏற ஆரம்பித்ததும் கட்டடங்கள், சூடு தாங்காதபோது கூரைக்குக் கீழே ஏதாவது ஒன்று. சூரிய உதயம் ஜூனில் ஐந்தே முக்கால் மணிவாக்கில் இருக்கும், ஜனவரிக் கடைசியில் ஆறரைக்கு மேல் ஆகிவிடும். முந்தின நாளே நேரம் பார்த்துக்கொண்டு, அரை மணி நேரம் முன்னால் மணலில் இருங்கள்.

டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். ஜனவரியில் மட்டும் குடியரசு தின அணிவகுப்பு ஒத்திகைக்காகக் காமராஜர் சாலையைச் சில நாள் காலையில் மூடுவார்கள், செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மே மாதத்தில் ஒருமுறை, காலை பத்து மணிக்கு மேல் இந்த நடையை ஆரம்பித்து ஐஸ் ஹவுஸ் வரைக்கும்தான் வர முடிந்தது. தலை சுற்றி, ஒரு மர நிழலில் முக்கால் மணி நேரம் உட்கார வேண்டியதாகிவிட்டது.

2. கையில் என்ன?

ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி, சில்லறை. ஷூ வேண்டாம். கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ளத் தோதான செருப்பு போதும். திங்கட்கிழமை கலங்கரை விளக்கத்துக்கு விடுமுறை, அந்த நாளைத் தவிருங்கள்.

3. பாலத்தில் தொடங்குங்கள்

நேப்பியர் பாலம் 1869-இல் கட்டப்பட்டது. 2022-இல் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது சதுரங்கப் பலகை மாதிரி கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் அடித்தார்களே, அதே பாலம்தான். கீழே கூவம் கடலில் சேருகிறது. நாற்றம் இருக்கும். இருந்தாலும் இரண்டு நிமிஷம் நின்று முகத்துவாரத்தைப் பாருங்கள். கொக்குகளும் பருந்துகளும் அங்கே தவறாமல் இருக்கும். அப்புறம் தலைவர்களின் நினைவிடங்களைத் தாண்டி மணலில் இறங்குங்கள். நினைவிடங்களில் பகல் முழுக்கக் கூட்டம் இருக்கும், அவற்றை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

4. மணலில் உட்காருங்கள்

நடக்க வந்த இடத்தில் உட்காரச் சொல்கிறேன், காரணம் இருக்கிறது. அலை நனைக்கும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே, கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டைகள் தெரியும். ஓட்டையின் ஒரு பக்கமாக ஈர மணல் விசிறி மாதிரி சிதறிக் கிடந்தால் உள்ளே நண்டு இருக்கிறது, ராத்திரிதான் தோண்டியிருக்கிறது என்று அர்த்தம். மணல் நிறத்திலேயே இருக்கும் சின்ன நண்டு இது. நின்றுகொண்டிருந்தால் வெளியே வராது. ஓட்டையிலிருந்து பத்தடி தள்ளி, கடலைப் பார்த்து உட்காருங்கள். வெளிச்சம் எதிரே கடல் பக்கத்திலிருந்து வருவதால் உங்கள் நிழல் முதுகுப் பக்கம் விழும், நண்டின் மேல் படாது. ஐந்து நிமிஷம் அசையாமல் இருந்தால் முதலில் இரண்டு கண்கள் குச்சி மாதிரி மேலே எழும்பும். ஒரு சுற்றுப் பார்க்கும். அப்புறம் ஒரு கொடுக்கில் மணலை அணைத்துக்கொண்டு வந்து வெளியே வீசிவிட்டு, நாம் கண் இமைப்பதற்குள் உள்ளே போய்விடும். குழந்தைகளோடு போகிறவர்கள் இந்த இடத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்கிவிடுங்கள்.

தண்ணீரில் இறங்காதீர்கள். மெரினாவில் அடியிழுப்பு அதிகம், வருஷா வருஷம் உயிர்ப்பலி நடக்கிறது.

5. உழைப்பாளர் சிலையை இரண்டு பக்கமும் பாருங்கள்

முதலில் சாலைப் பக்கம். சூரியன் சிலைக்குப் பின்னால் கடலிலிருந்து எழும்பும்போது நாலு உழைப்பாளிகளும் கறுப்பு உருவங்களாகத் தெரிவார்கள். முகமோ விவரமோ தெரியாது. சாய்ந்த முதுகுகள், ஊன்றிய கால்கள், அசைய மறுக்கிற பாறை, அவ்வளவுதான். நாலு பேரும் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்த இருட்டு வடிவத்திலேயே தெரிந்துவிடும்.

அப்புறம் சுற்றிக்கொண்டு கடல் பக்கம் வாருங்கள். வெயில் இப்போது வெண்கலத்தின் மேல் விழும். விலா எலும்பு, கெண்டைக்கால் தசை, நெம்புகோலைப் பிடித்த விரல்கள் எல்லாம் தெரியும். அத்தை இந்தப் பக்கம்தான் நின்றார். தாத்தாவுக்குக் கல்குவாரியில் வேலை. "பாறைக்கு நெம்பு போட்டா கால் இப்படித்தான்டா இருக்கும், பெருவெரல்ல நிப்பாங்க" என்றார்.

செய்தவர் தேவி பிரசாத் ராய் சவுத்ரி. வங்காளத்துக்காரர். 1929-இல் சென்னை ஓவியக் கல்லூரியின் பொறுப்புக்கு வந்தவர், முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக அங்கேயே இருந்தார். சிலை 1959-இல் இங்கே வந்தது. இதே கடற்கரையில் இருக்கும் காந்தி சிலையும் அவர் கைவேலைதான். இரண்டிலும் யாரும் சும்மா நின்றுகொண்டிருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அங்கே காந்தி நடக்கிறார், இங்கே நாலு பேர் தள்ளுகிறார்கள். தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் 1923 மே 1 அன்று இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியதும் சென்னைக் கடற்கரையில்தான். அன்று அவர் ஏற்பாடு செய்த இரண்டு கூட்டங்களில் ஒன்று இந்தத் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் நடந்தது.

6. தலையைத் திருப்புங்கள், சாலையைக் கடக்க வேண்டாம்

இப்போது ஏழு ஏழரை மணி ஆகியிருக்கும். கடற்கரைப் பக்க நடைபாதையில் தெற்கே நடந்தபடி மேற்கே பாருங்கள். அந்தப் பக்கம் போனால் மதில் சுவர்தான் தெரியும். இந்தப் பக்கத்திலிருந்துதான் முழுக் கட்டடமும் கண்ணில் அடங்கும்.

முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ், 1874 முதல் 1879 வரை கட்டியது. அடுத்து சேப்பாக்கம் அரண்மனை, 1768-இல் ஆற்காடு நவாபுக்காக எழுந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளி மாநிலக் கல்லூரி. செனட் ஹவுஸையும் மாநிலக் கல்லூரியையும் வடிவமைத்தவர் ஒருவரே, ராபர்ட் சிஸ்ஹோம். இதை இப்படிப் பாருங்கள்: மூன்றில் பழையது நவாபின் அரண்மனை. அதன் பக்கத்தில் கட்ட வந்த ஆங்கிலேயர் தன் ஊர்ப் பாணியை அப்படியே இறக்காமல், பக்கத்து வீட்டுக்காரரின் வளைவுகளையும் குவிமாடங்களையும் எடுத்துக்கொண்டார். செனட் ஹவுஸின் கோபுரத்தையும் அரண்மனையின் வளைவையும் மாறி மாறிப் பார்த்தாலே இது புரியும். இந்தக் கலப்புப் பாணியை இந்தோ சாரசெனிக் என்று பாடப்புத்தகத்தில் படித்தபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நடைபாதையில் நின்றபோதுதான் விளங்கியது.

இந்த வழியில்தான் 1968-இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வைத்த சிலைகள் வருகின்றன. வள்ளுவர், ஔவையார், கம்பர், பாரதியார் என்று எல்லோரும் அறிந்த முகங்கள். வெளிநாட்டில் பிறந்த மூன்று பேரையும் விட்டுவிடாதீர்கள்: வீரமாமுனிவர், கால்டுவெல், போப். திருக்குறளை ஆங்கிலத்தில் கொண்டுபோன போப்புக்கு அந்தக் குறள் பிறந்த மொழிக்காரர்கள் கடற்கரையில் இடம் கொடுத்திருக்கிறார்கள் என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் நிறைவாக இருக்கிறது. இதே வரிசையில் இருக்கும் கண்ணகி சிலையை 2001-இல் அகற்றி, 2006-இல் திரும்ப வைத்தார்கள்.

7. ஐஸ் ஹவுஸ்

வட்டமான முகப்போடு இருக்கும் இந்தக் கட்டடத்தின் இன்றைய பெயர் விவேகானந்தர் இல்லம். 1842-இல் ஃபிரடெரிக் டியூடர் என்ற அமெரிக்க வியாபாரி ஐஸ் வைக்கக் கட்டியது. அமெரிக்காவில் குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளிலிருந்து வெட்டிய பனிக்கட்டி, மாசக்கணக்கில் கப்பலில் வந்து, இந்தக் கரையில் இறங்கி உள்ளே அடுக்கப்பட்டது. 1897-இல் விவேகானந்தர் இங்கே தங்கினார். பிற்பாடு சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவைகளைச் சேர்த்துப் படிக்க வைத்த விடுதியாகவும் இது இருந்தது. ஒரே கட்டடத்துக்கு மூன்று வாழ்க்கை. எனக்கு மூன்றாவதுதான் பெரிதாகப் படுகிறது.

8. பத்து மணி வரை நொச்சிக்குப்பம், அப்புறம் மேலே

ராணி மேரி கல்லூரியைத் தாண்டினால் கலங்கரை விளக்கம். மெட்ரோ வேலைக்கான தடுப்புகள் இருந்தால் கொஞ்சம் சுற்றிப் போக வேண்டியிருக்கும். பத்து மணிக்குத்தான் திறப்பார்கள், அதுவரை பக்கத்து மீனவக் குப்பமான நொச்சிக்குப்பத்தில் இருங்கள். படகுகள் திரும்பியிருக்கும், வலையிலிருந்து மீன் எடுத்துக்கொண்டிருப்பார்கள். தலைக்கு மேலே பருந்துகள் வட்டமிடும். உடம்பு செம்பழுப்பாகவும் தலையும் மார்பும் வெள்ளையாகவும் இருந்தால் அது செம்பருந்து, நம் வீடுகளில் கருடன் என்று கும்பிடுவது. பனிக்காலத்தில் கடற்காகங்களும் வரும். படம் எடுப்பதற்கு முன் "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்று கேளுங்கள். அது அவர்கள் வேலை செய்யும் இடம்.

இப்போதுள்ள கலங்கரை விளக்கம் 1977-இல் வந்தது. முக்கோணக் கோபுரம், லிஃப்ட் உண்டு. மேலே போனதும் வடக்கே பாருங்கள், துறைமுகம் தெரியும். இவ்வளவு அகலமான மணல் எப்படி வந்தது என்பதற்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. கடலோர நீரோட்டம் வருஷத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே மணலைக் கொண்டு போகிறது. 1870-களில் துறைமுகச் சுவர் எழுப்ப ஆரம்பித்ததும் அந்த மணல் சுவருக்குத் தெற்கே தங்க ஆரம்பித்தது. அதற்கு முன் அலை சாலைக்கு வெகு அருகில் அடித்துக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் சேர்ந்த மணல் அந்தப் பக்கம் போகவில்லை, வடசென்னையில் கடல் ஊருக்குள் வந்தது. காலையில் உட்கார்ந்து நண்டு பார்த்த மணலின் விலையை அங்கே மீனவக் குப்பங்கள் கொடுத்திருக்கின்றன.

9. விலங்குகளுக்கு இன்னொரு நாள்

அதே நாளில் கிண்டியையும் சேர்க்காதீர்கள், இரண்டும் அரைகுறையாகும். கிண்டி தேசியப் பூங்கா 2.7 சதுர கிலோமீட்டர்தான், ஊருக்கு நடுவே வெளிமானும் புள்ளிமானும் திரியும் காடு. அதை ஒட்டிய சிறுவர் பூங்காவும் பாம்புப் பண்ணையும் நடந்து பார்க்கத் தோதானவை. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, செவ்வாய்க்கிழமை போகாதீர்கள்.

10. நடை பிடித்துப்போனால், ராத்திரியில் ஒரு முறை

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரைக்கு வரும். மாணவர்கள் நடத்தும் கடலாமைப் பாதுகாப்புக் குழு 1988-லிருந்து நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவில் நடந்து முட்டைகளைச் சேகரிக்கிறது. வார இறுதிகளில் பொதுமக்களையும் கூட்டிப் போவார்கள். தூரம் ஏழு கிலோமீட்டர் இருக்கும், மணலில். முதலில் மெரினாவை நடந்துவிட்டு வாருங்கள் என்று சொல்வது அதனால்தான். ஆமை கிடைக்காமலும் போகலாம். செத்த ஆமையைப் பார்க்கவும் நேரலாம். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. அதைப் பார்த்தால் மனசு தாங்காது.

முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்குக் கடல் தெரியாது, வெளிச்சம்தான் தெரியும். இருட்டில் எந்தப் பக்கம் வெளிச்சமோ அதுதான் கடல் என்று ஓடும். தெருவிளக்கு வருவதற்கு முன் அது சரியாக இருந்தது. இப்போது சாலைப் பக்கம் ஓடிவிடுகிறது. முட்டைகளை எடுத்துக் காப்பகத்தில் பொரிக்க வைத்து, குஞ்சுகளைக் கடலோரம் கொண்டுபோய் விடுவது அதற்காகத்தான். அதனால் நீலாங்கரையில் மணலில் கால் வைத்ததும் செல்போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிடுங்கள். டார்ச் வேண்டாம். கண் பழகப் பதினைந்து நிமிஷம் ஆகும், அப்புறம் நட்சத்திர வெளிச்சமே போதும்.