கேரம் போர்டு, ரப்பர் பேண்டு, லைட்டர்: எனர்ஜி மாறுறத பசங்களுக்கு காட்டுறது எப்படி

வியாசர்பாடியில எங்க தெரு பசங்க நாலஞ்சு பேரு சாயங்காலம் வந்து உக்காருவானுங்க, ஏழாவது எட்டாவது படிக்கிறவனுங்க. "ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ முடியாது"ன்னு மூச்சு விடாம ஒப்பிப்பானுங்க, சரிடா ஃபேன ஆஃப் பண்ணா அதுல இருந்த எனர்ஜி எங்கடா போச்சுன்னு கேட்டா கப்சிப். அதுலேர்ந்து நான் புக்க தொறக்கறதே இல்ல, ரெண்டே கேள்விதான். எங்கேர்ந்து வந்துச்சு? எங்க போச்சு?

மொதல்ல கேரம் போர்டு. ஒருத்தன அடிக்க சொல்லுங்க. காலைல துன்ன இட்லி விரலுக்கு வந்து, விரல்லேர்ந்து ஸ்ட்ரைக்கருக்கு போயி, டக்குனு சத்தம் போட்டு காயின தள்ளிச்சு, இது வரைக்கும் எல்லாரும் சொல்லிடுவாங்க. காயின் நின்னதும் "தீந்துடுச்சுண்ணா"ம்பான் பாருங்க, அங்கதான் புடிக்கணும். உள்ளங்கைய பரபரன்னு தேச்சு கன்னத்துல வெக்க சொல்லுங்க. அதே சூடுதான் போர்டுலயும், ஆனா ரொம்ப கம்மி. 15 கிராம் ஸ்ட்ரைக்கர் செகண்டுக்கு 2 மீட்டர் வேகத்துல போனா மொத்தமே 0.03 ஜூல்தான் (ஜூல்னா எனர்ஜிய அளக்குற அளவு), 1 கிராம் தண்ணிய 1 டிகிரி சூடேத்தவே 4.2 ஜூல் வேணும், அப்ப 140 தடவ அடிச்சு மொத்தமும் சூடானாதான் அந்த ஒரு டிகிரி. கையில எங்க தெரியப்போவுது? பவுடர் போட்டா ஏன் காயின் தூரமா ஓடுதுன்னு கேளுங்க, அவனே சொல்லிடுவான்.

சூட்ட நம்பலன்னா ரப்பர் பேண்டு, பட்டையா இருக்கறது. சட்டுனு இழுத்து, இழுத்த மாதிரியே மேல் உதட்டுல தொட்டா வெதுவெதுன்னு இருக்கும். அப்படியே கொஞ்ச நேரம் புடிச்சு ஆறவிட்டு டக்குனு தளர்த்தி தொட்டா ஜில்லுனு இருக்கும். கண்ணு பத்திரம்.

அடுத்து கேஸ் லைட்டர். ரெகுலேட்டர மூடிட்டு லைட்ட அணைச்சிட்டு, டக் டக்குனு அழுத்துற மாடல அழுத்துங்க. பேட்டரி இல்ல, பொறி மட்டும் எப்படி? உள்ள ஒரு குட்டி சுத்தியல் ஸ்பிரிங்கு வேகத்துல படிகம் மாதிரி ஒரு துண்டு மேல அடிக்குது, அந்த ஒரு அடியில ஆயிரக்கணக்கான வோல்ட். இப்படி அழுத்துனா கரண்டு வரும்னு 1880லயே பியர் க்யூரியும் அவரு அண்ணன் ஜாக்கும் கண்டுபுடிச்சிட்டாங்க.

கடைசியா ஃபேன். மொட்டமாடிக்கு இட்டுனு போயி வடக்கால கைய காட்டுங்க, அத்திப்பட்டு, அனல் மின் நிலையம் இருக்கற எடம். கப்பல்ல காமராஜர் துறைமுகத்துக்கு வர நிலக்கரி, பெல்ட்டுல போயி எரியுது, தண்ணி ஆவியாவுது, டர்பைன் சுத்துது, கரண்டு நம்ம வீட்டுக்கு வருது. அந்த கரியே கோடிக்கணக்கான வருஷம் முன்னாடி செடிங்க சேத்து வெச்ச வெயிலு. அதுல ஏறக்குறைய மூணுல ஒரு பங்குதான் கரண்டாவுது, மீதி புகைபோக்கியிலயும் கூலிங் தண்ணியிலயும் போயிடும்.

இப்ப மொதல்ல கேட்ட அந்த கேள்வி, ஃபேன ஆஃப் பண்ணா எனர்ஜி எங்க போச்சு? ஃபேன் கிளப்புன காத்து சுவத்துலயும் தனக்குள்ளயும் உரசி சூடாயிடுது, மோட்டரும் சூடாவுது, ஆக ஃபேன் ரூம துளி சூடுதான் பண்ணுது, வேர்வை காயறதாலதான் நமக்கு ஜில்லுன்னு கீது. இத கேட்டதுலேர்ந்து ஒருத்தன் வீட்டுல யாரும் இல்லாத ரூம்ல ஃபேன் ஓடுனா ஆயாவையே திட்டுறானாம், அவங்க வந்து எங்கிட்ட சண்டை.